ஒரே விதி, இருவேறு முகங்கள்

ஷெங்கன் விசாவுக்கு 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம். அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம், வெண்பின்னணி. 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடியும் கூடாது. விதி எல்லோருக்கும் ஒன்றே, ஆகவே பாரபட்சமில்லை என்பது இதற்காக வாதிடுவோரின் எளிய தர்க்கம். விதி ஒன்றாக இருக்கலாம். சரிபார்க்கும் கண் நடுநிலையானதன்று.

2016இல் நியூசிலாந்தின் இணையவழிக் கடவுச்சீட்டு மென்பொருள், ஆசிய வம்சாவளி இளைஞர் ஒருவரின் திறந்த கண்களை மூடியவை என்று நிராகரித்தது. பிரிட்டனின் கடவுச்சீட்டுப் படச் சோதனையை 2020இல் பிபிசி ஆராய்ந்தபோது, கருநிறப் பெண்களின் படங்களில் 22 விழுக்காடு தரக்குறைவென ஒதுக்கப்பட்டன. வெளிர்நிற ஆண்களின் படங்களில் 9 விழுக்காடே. இவை கடவுச்சீட்டு பற்றியவைதாம். ஆயினும் விசாப் படத்திலும் அளக்கப்படுவது அதே முகந்தான்.

நம்மவர் பங்கும் இதில் உண்டு. ஸ்டூடியோக்காரர் கேளாமலே முகத்தை வெளுப்பாக்கித் தருகிறார். அதை உபசாரமென்றே கருதுகிறார். திருத்திய படமோ செல்லாது. இயல்பான நிறம் இயந்திரத்துக்கு மங்கல். வெளுத்த நிறம் அதிகாரிக்கு ஐயம். இவ்விரண்டுக்கும் இடையில், கட்டுரை ஏற்கப்பட்ட ஆய்வு மாணவி மறுபடி வரிசையில் நிற்கிறாள். கருத்தரங்கின் தேதி அவளுக்காக நகர்வதில்லை. பயணநல்கைக்குப் பக்கம் பக்கமாக நிபந்தனை வகுக்கும் பல்கலைக்கழகங்கள், வளாகத்திலேயே முறையான ஒளியமைப்புடன் ஒரு படப்பிடிப்பு அறையேனும் அமைக்க ஏன் தயங்குகின்றன?