அஞ்சு ஸ்டாரும் ஐப்பசி மழையும்

முதல்லயே சொல்லிடறேன். கொடைக்கானல்ல வீடு கட்ட ஆள் தேடுறவங்க, மேப்புல தெரியுற ஸ்டாரை எண்ணிப் பாத்து அட்வான்ஸ் கொடுக்கறது, கல்யாண ஆல்பத்தைப் பாத்துட்டு குடும்பம் எப்படி நடக்குதுன்னு சொல்ற மாதிரி. போட்டோல எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க.

இதை எழுத வெச்சவன் பெங்களூர்ல இருக்கிற என் கல்லூரி நண்பன். வில்பட்டி பக்கம் பத்து சென்ட் வாங்கிப் போட்டிருக்கான். ரிட்டயர்மென்ட் பணத்துல பாதியைப் போட்டு சின்னதா ஒரு வீடு. ஒரு காண்ட்ராக்டரோட லிங்கை அனுப்பிட்டு போன் பண்றான். "நாலு புள்ளி ஒன்பதுடா. எழுபத்து மூணு ரிவ்யூ. இதுக்கு மேல என்ன வேணும்?"

எனக்கு வேற வேலை இல்ல, வெளியே மூடுபனி, கரண்ட் இருந்தது. எழுபத்து மூணையும் உட்கார்ந்து படிச்சேன்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. மலையில ஒரு வீடு முடிய ஒரு வருஷத்துக்குக் குறையாது. மழையில வேலை நிக்கும். மணல், சிமெண்டு, கம்பி எல்லாம் வத்தலக்குண்டு ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு ஏறி வரணும். பொங்கலுக்குக் கீழே போன ஆளுங்க மாசி பொறந்துதான் திரும்புவாங்க. ஒரு நடுத்தர காண்ட்ராக்டர் வருஷத்துக்கு நாலு வீடு, அஞ்சு வீடு முடிச்சா பெரிய விஷயம். கடை தொடங்கி ரெண்டு வருஷம் ஆச்சுன்னா பத்து வீடு. சரி, பெயின்ட், பாத்ரூம் ரிப்பேர், ஷீட் மாத்தறதுன்னு சில்லறை வேலை இன்னொரு பத்து பதினஞ்சு. மிச்சம் ஐம்பது பேர் எந்த வீட்டுல குடியிருக்காங்க சாமி?

ரிவ்யூ போட்டவங்க பேரை ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். ஒருத்தர் ஒரே வாரத்துல ஜெய்ப்பூர்ல பல் டாக்டர், சூரத்துல சேலைக்கடை, கொடைக்கானல்ல வீடு கட்டுறவர்னு மூணு பேருக்கும் அஞ்சு ஸ்டார் கொடுத்திருக்கார். பாவம், பல்லைப் பிடுங்கின கையோட மலையேறி வந்து வீடு கட்டியிருக்கார் போல :-) இன்னும் நாலஞ்சு பேர் எழுதினதுல கடைப் பேரும் 'கொடைக்கானலின் சிறந்த கட்டுமான நிறுவனம்' என்ற வாக்கியமும் எழுத்து மாறாம இருக்கு. வீட்டைக் கட்டிக்கிட்டவன் அப்படிப் பேசமாட்டான். "லோடு கூலி தனின்னு கடைசில சொன்னாங்க", "செண்பகனூர் ரோட்டுல இருந்து தலைச்சுமையா கல்லு இறக்கினாங்க", "கதவு உப்பிக்கிச்சு, ரெண்டு தடவை வந்து இழைச்சுக் கொடுத்தாங்க". இப்படித்தான் பேசுவான். ஊர்ப் பேரும் கொஞ்சம் சலிப்பும் இல்லாத பாராட்டை நான் நம்பறதில்ல.

இந்த ரிவ்யூ எல்லாம் எங்கே இருந்து வருதுன்னு கேக்கறீங்களா? "வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம், ஓட்டலுக்கு ரேட்டிங் போட்டா ஒண்ணுக்கு இவ்வளவு ரூபாய்"னு உங்களுக்கும் வாட்ஸப்புல வந்திருக்கும். முதல் ரெண்டு மூணு ரேட்டிங்குக்கு நிஜமாவே சில்லறை போடுவான். அப்புறம் "பெரிய டாஸ்க்"குன்னு உங்க பணத்தையே கட்டச் சொல்லி மொத்தமா சுருட்டிடுவான். இந்த மாதிரி பகுதிநேர வேலை மோசடி, முதலீட்டு மோசடி நடத்தின நூத்துக்கும் மேற்பட்ட வலைத்தளங்களை 2023 டிசம்பர்ல மத்திய அரசு முடக்குச்சு. ஆக, சில அஞ்சு ஸ்டாருக்குப் பின்னாடி இருக்கிறது திருடன்கூட இல்ல, தன் பணத்தைத் தொலைச்ச ஒரு அப்பாவி.

சட்டம் இருக்கான்னா, இருக்கு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பர்ல ஐ.எஸ். 19000னு ஒரு தரநிலை கொண்டு வந்தது. காசு கொடுத்து வாங்கின ரிவ்யூவைப் போடக்கூடாது, எழுதுறவர் யாருன்னு சரிபாக்கணும்னு அதுல எழுதி வெச்சிருக்காங்க. ஆனா வெளியிட்டப்போ விரும்பினா பின்பற்றலாம்ங்கற கணக்குலதான் வந்தது. விரும்பினா ஹெல்மெட் போடலாம்னு சொன்னா எத்தனை பேர் போடுவோம்? அமெரிக்காவுல 2024 அக்டோபர்ல இருந்து போலி ரிவ்யூவை விக்கறதும் வாங்கறதும் விதிமீறல், ஒவ்வொண்ணுக்கும் ஐம்பதாயிரம் டாலருக்கு மேல அபராதம் போடலாம்.

இதுல கட்டுமான வேலைக்குன்னு ஒரு தனி வில்லங்கம் இருக்கு. அமேசான்ல செருப்பு வாங்கினா, வாங்கினது நீங்கதான்னு அவங்களுக்குத் தெரியும், பேருக்குக் கீழே ஒரு முத்திரை விழும். வீடு கட்டுன பணம் உங்களுக்கும் மேஸ்திரிக்கும் நடுவுல கைமாறுது. மேப்புக்கு என்ன தெரியும்? பெருமாள்மலை தாண்டாத ஆளும் உங்க வீட்டுக் கூரைக்கு மார்க் போடலாம்.

இதுவரைக்கும் சொன்னது போலி. அதை யாரும் கொஞ்சம் பொறுமையா உட்கார்ந்தா கண்டுபிடிச்சிடலாம். என் சண்டை அதோட இல்ல. என் சண்டை நிஜ ரிவ்யூவோட.

போன வருஷம் நாயுடுபுரம் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். பால் காய்ச்சியாச்சு, பந்தி முடிஞ்சுது. காண்ட்ராக்டர் தம்பி ஒருத்தர் சட்டைப்பையில இருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டறார், அதுல ஒரு கியூஆர் கோடு. "சார், ஒரு ஸ்கேன் பண்ணி அஞ்சு போட்டுடுங்க." மாப்பிள்ளை போட்டார், மச்சினர் போட்டார், சித்தப்பா கண்ணாடி இல்லாம பேத்தியை விட்டுப் போடச் சொன்னார். பன்னெண்டு பேர். எல்லாம் நிஜ மனுஷங்க, நிஜப் பேரு, யாரும் காசு வாங்கல. அந்த வீட்டு வாசல்லயே நின்னு போட்டது. நான் மேலே சொன்ன எந்தச் சோதனையிலயும் இது மாட்டாது. ஆனா அவங்க மார்க் போட்டது பாயசத்துக்கு!

வீட்டுக்காரர் போட்டதும் அதே கதிதான். அன்னைக்கு அவர் கண்ணுல தெரியறது டைல்ஸ், பெயின்ட், ஜன்னல் வழியா தெரியற மலை. மலை காண்ட்ராக்டர் கட்டினது இல்ல.

கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம். தென்மேற்குல கொஞ்சம், அக்டோபர்ல இருந்து வடகிழக்குல நிறைய, நடுவுல சித்திரை இடிமழை. மழை இல்லாத நாளும் மேகம் வீட்டுக்குள்ளயே வந்து உட்காரும். ஈரம் மேலே இருந்து மட்டும் வராது. வெட்டி எடுத்த சரிவுல இருந்து, மண்ணுக்குள்ள ஊறி, அஸ்திவாரம் வழியா பக்கவாட்டுல வரும். முதல் ஐப்பசியில சுவரோட அடிப்பக்கம் ஒரு நிழல் மாதிரி தெரியும். ரெண்டாவது வருஷம் அலமாரிக்குள்ள கம்பளி நாறும். மூணாவது வருஷம் பெயின்ட் உரியும். ரிவ்யூவோ வந்த முதல் ஞாயித்துக்கிழமையே போட்டாச்சு!

மலை வீட்டுல பணம் போய்ப் புதையற இடம் தடுப்புச்சுவர். அது நின்னாத்தான் வீடு நிக்கும். தண்ணி வெளியேற அதுல ஓட்டை விட்டிருக்கணும், பின்னாடி ஜல்லி நிரப்பியிருக்கணும். இதைச் செஞ்சாரா இல்லையான்னு மண் மூடினப்புறம் யாருக்கும் தெரியாது. தடுப்புச்சுவருக்கு அஞ்சு ஸ்டார் கொடுத்த ஒரு மனுஷனை நான் இதுவரைக்கும் பாக்கல. 2018 நவம்பர்ல கஜா புயல் இந்த மலையைக் கடந்தப்போ, மரம் விழுந்து ரோடு அடைச்சு, பல நாள் கரண்ட் இல்லாம கிடந்தோம். அன்னைக்கு ராத்திரி தூங்கினவன் வீடுதான் நல்ல வீடு. அந்த ரிவ்யூவை யாரும் எழுதல.

அனுமதி விஷயத்தையும் சொல்லணும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தோட பட்டியல்ல வர்ற கிராமத்துல கட்டறதுன்னா கூடுதல் ஒப்புதல் வேணும். "அதெல்லாம் நம்ம பாத்துக்கலாம் சார்"னு சொல்ற காண்ட்ராக்டருக்குத்தான் ரிவ்யூல 'டென்ஷன் இல்லாத சர்வீஸ்'னு பாராட்டு! 2019ல உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இங்கே விதிமீறின கட்டிடங்களைப் பூட்டி சீல் வெச்சாங்க. பழைய ஆளுங்களுக்கு ப்ளசண்ட் ஸ்டே ஓட்டல் ஞாபகம் இருக்கும். விதியை மீறி ஏறின மாடிகளை எதிர்த்து பழனிமலைப் பாதுகாப்புக் கழகம் வழக்குப் போட்டு, 1995ல உச்சநீதிமன்றம் வரைக்கும் ஜெயிச்சது. அந்த மாடியைக் கேள்வி கேட்டது அங்கே தங்கினவங்க இல்ல. ஊர்ல இருந்து காகிதத்தைப் படிச்சவங்க.

"அப்ப ரிவ்யூவே வேண்டாமா, நெகட்டிவ் ரிவ்யூவை மட்டும் நம்பலாமா"ன்னு கேப்பீங்க. அதுவும் வேண்டாம். கடைசி பில்லைக் கொடுக்க மனசில்லாத வீட்டுக்காரன் போடற ஒத்தை ஸ்டாரையும், போட்டிக் கடைக்காரன் போட வைக்கறதையும் நான் பாத்திருக்கேன். இன்னொரு கூத்து: என் வீட்டு பாத்ரூம் வேலையை ஒருத்தர் பாதியில விட்டுட்டுப் போனார், ரெண்டு ஸ்டார் போட்டேன். மறுநாளே போன்! "அதை எடுத்துடுங்க சார், மிச்சத்தை முடிச்சுக் கொடுத்துடறேன்." நான் எடுக்கல, மிச்ச வேலையை வேற ஆள் வெச்சு முடிச்சேன். ஆனா கூரை இல்லாம நிக்கிறவன் எடுக்கத்தான் செய்வான், அவனை நான் குறை சொல்லமாட்டேன். நாம பாக்கற 4.9ங்கறது இப்படி எடுக்கப்பட்டது போக மிச்சம்.

நான் படிக்கறது மூணு ஸ்டார், நாலு ஸ்டார் மட்டும். அதுலயும் வேலை முடிஞ்சு ரெண்டு மழை பாத்தவர் எழுதினது. அப்படி ஒண்ணு கிடைச்சா மத்த எழுபதையும் தூக்கிப் போட்டுடலாம். கிடைக்கலைன்னா காண்ட்ராக்டர்கிட்டயே மூணு வருஷம் முன்னாடி கட்டின ரெண்டு வீட்டு விலாசம் கேளுங்க. மழை நின்ன மறுநாள் போங்க. ஹால்ல உட்கார வேண்டாம், அலமாரியைத் திறந்து மோந்து பாருங்க. தடுப்புச்சுவர் ஓட்டையில தண்ணி சொட்டினா சந்தோஷம். காஞ்சு கிடந்து, சுவர் வயிறு தள்ளியிருந்தா அப்படியே கிளம்பிடுங்க. அப்புறம் சிமெண்டு கடையில ஒரு டீ சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க, இவர் கடனை ஒழுங்கா அடைப்பாரான்னு. கடைக்காரருக்குத் தெரியாதது எதுவும் இல்ல.

எழுத்துல ஒப்பந்தம் போடுங்க, கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்க. வீட்டுக் கட்டுமானமும் நுகர்வோர் சட்டப்படி 'சேவை'தான். ஏமாந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ரெரா இருக்கேன்னு நெனைச்சு உட்காராதீங்க, உங்க சொந்த மனையில ஒத்தை வீடு கட்டிக் கொடுக்கற மேஸ்திரிக்கு அது பொருந்தாது.

எனக்கு ஆத்திரம் வர்ற இடம் வேற. எங்க தெருவுக்குக் கீழே ஒரு மேஸ்திரி இருக்கார். அறுபது வயசு. கல் பார்த்தே எந்தப் பக்கம் உடையும்னு சொல்லுவார். கஜாவுல அவர் கட்டின ஒரு சுவர்கூட நகரல. பட்டன் போன்தான். மேப்புல இல்ல, ஒரு ஸ்டாரும் இல்ல. போன வருஷம் பாதி மாசம் வேலை இல்லாம உட்கார்ந்திருந்தார். அதே மாசத்துல அந்த நாலு புள்ளி ஒன்பது, சமவெளியில இருந்து ஆள் இறக்கி மூணு சைட் ஓட்டிக்கிட்டிருந்தது. அந்த ஆளுங்களுக்கு இந்த மண்ணோட குணம் தெரியாது, தெரிஞ்சுக்க நேரமும் கொடுக்கறதில்ல.

நண்பன்கிட்ட இதெல்லாம் சொன்னேன். "நேர்ல வந்து பாக்க லீவு இல்லடா"ங்கறான். ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட லீவு வேண்டாமாம்.

பி.கு: அந்த காண்ட்ராக்டர் பேரைக் கேட்டு யாரும் மெயில் போடாதீங்க, சொல்லமாட்டேன். மேஸ்திரியோட நம்பர் வேணும்னா வீட்டுக்கு வாங்க, கூட்டிட்டுப் போறேன். மழைக்காலத்துல வந்தா நல்லது.