கிளவுட்டில் ஏற்றுவோம், கொப்பியையும் எறியாமல் இருப்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. குறிகட்டுவானில் படகுக்கு நிற்கிற நேரத்தில் வாசித்து முடிக்கலாம்.

தீவகத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. பாடசாலைகளின் பழைய சேர்விடாப்புகள், பள்ளிவாசல் திருமணப் பதிவுகள், கோயில் கணக்குகள், சனசமூக நிலையத்துக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளவுட்டில் போட்டுவிடுவோம். வேர்ச்சுவல் மெஷின் ஒன்றுக்கான மாதக் கட்டணத்தைக் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் கட்டுவார்கள். பிறகு கரையான் அரிக்கிற அந்தக் கொப்பிகளைக் கட்டிக்காக்கத் தேவையில்லை என்கிறார்கள். ஸ்கேன் செய்வதும் ஏற்றுவதும் நல்ல விசயம். கொப்பிகள் தேவையில்லை என்ற கடைசிப் பேச்சைத்தான் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

ஒரு பதிவு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ். நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகிக் கிடந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணித்தியாலங்களில் வெளியேற்றப்பட்டபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அலுமாரியோடு போயின. அதே ஆண்டு தீவகத்தைவிட்டு எழும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கும் கதை பெரிதாக வேறில்லை. காலம் கழித்துத் திரும்பி வந்து, இது எங்கள் ஊர்தான் என்று காட்டவேண்டி வந்தால், சேர்விடாப்பில் இருக்கிற வாப்பாவின் பெயர் ஒரு வரி கூட அப்போது சொத்துத்தான்.

அப்படியானால் கிளவுட்தானே பாதுகாப்பு என்று கேட்பீர்கள். கிளவுட் என்பது மேகமில்லை, வேறொருவருடைய கட்டடத்தில் ஓடுகிற கணினி. வேர்ச்சுவல் மெஷின் என்பது அந்தக் கணினிக்குள் எங்களுக்கு வாடகைக்குப் பிரித்துத் தருகிற அறை. அந்தக் கட்டடத்துக்கும் தீப்பிடிக்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையம் எரிந்தது. பிரதியையும் அதே வளாகத்திலேயே வைத்திருந்தவர்களில் சிலர் இரண்டையும் இழந்தார்கள்.

எங்கள் நாட்டுக் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26 அன்று அரசாங்கத்தின் கிளவுட்டில் கப்பம் கேட்கிற வைரஸ் புகுந்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. தொகுதியை விரைவாகத் திரும்ப ஓடவைத்தார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போயே போய்விட்டன. இணைப்பில் இருந்த பிரதியையும் அந்த வைரஸ் பூட்டிவிட்டது.

இதிலிருந்துதான் எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறோம். பாடசாலைக் கணினியையும் கிளவுட் மெஷினையும் நாள் முழுக்க ஒன்றாகக் கட்டி வைக்காதீர்கள். சிங்க் என்று ஒன்று போடுவார்கள்; இங்கே மாற்றினால் அங்கேயும் மாறும், வசதியாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே ஒரு பிள்ளை தெரியாமல் ஒரு கோப்புறையை அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே வைரஸ் பூட்டினால் பூட்டிய கோப்புத்தான் அங்கேயும் போய்ச் சேரும். படகு வந்து கட்டி, சாமானை இறக்கிவிட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போகிறமாதிரி, இணைப்பைத் திறந்து கோப்பை அனுப்பிவிட்டு மூட வேண்டும். அனுப்புவதற்கென்று கொடுக்கிற கணக்குக்குப் புதிதாக வைக்க மட்டும் அனுமதி இருக்கட்டும், அழிக்க அனுமதி வேண்டாம். வேறொரு கடவுச்சொல்லின் கீழ் கிளவுட் பக்கத்திலேயே வாரம் ஒருமுறை ஸ்னாப்ஷொட் எடுத்து வைத்தால் போன வாரத்து நிலைக்காவது திரும்பலாம்.

வாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிமோட் டெஸ்க்டொப்பை உலகத்துக்கே திறந்துவிட்டு '12345' என்று கடவுச்சொல் வைத்தால் அன்றைக்கே யாரோ தட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள். எஸ்எஸ்எச் வழியாக, கடவுச்சொல் இல்லாமல் சாவிக் கோப்பு மட்டும் ஏற்கிறமாதிரி வையுங்கள்.

இனி எங்கள் கஷ்டம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாத தீவுகள். மின்சாரம் ஒருமுறை கண்ணடித்தால் ரவுட்டரும் கண்ணை மூடும். 20 ஜிகாபைட் ஸ்கேன் இருக்கிறது, அனுப்புகிற வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் என்று வையுங்கள்: 80,000 விநாடி, ஏறத்தாழ 22 மணித்தியாலம், அதுவும் ஒரு தடவையும் அறுபடாவிட்டால். மவுசால் இழுத்துப் போட்டு அனுப்பினால் பாதியில் அறுந்தபின் எது போனது, எது போகவில்லை என்று தலையைப் பிய்க்க வேண்டியதுதான். இதற்கென்றே 1996 முதல் ஆர்சிங்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கோப்பை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும். பார்ஷல் என்ற தெரிவைச் சேர்த்தால் பாதியில் நின்ற கோப்பின் பாதியையும் வீணாக்காது. இரவு டேட்டா என்று பல பக்கேஜ்களில் ஒன்று இருக்கிறதல்லவா, நித்திரையில் வீணாகப் போகிறது. அதில் ஓடவிடலாம். விடிய எழும்பி இரண்டு பக்கத்துக் கோப்புகளுக்கும் ஷா-256 கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் அதே 64 எழுத்து வந்தால் கோப்பு முழுசாகச் சேர்ந்தது. 'அனுப்பியாச்சு' என்று குழுவில் தம்ஸ்அப் போடுவதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் தடவை அனுப்புகிற பெருந்தொகையை இணையத்தில் அனுப்பத்தான் வேண்டுமா என்பதும் கேள்வி. ஹார்ட் டிஸ்க் ஒன்றை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் நல்ல ஃபைபர் இணைப்பில் ஏற்றினால் அன்று பின்னேரமே முடியும். பழைய காலத்து வேலை என்று சிரிக்க வேண்டாம். பெரிய நிறுவனங்களின் தரவை ஏற்றுவதற்கு அமேசானே 2015இல் ஸ்னோபோல் என்றொரு பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் நிரப்பிப் பார்சலில் அனுப்பினார்கள். அவர்களுக்கு லொறி, எங்களுக்கு லோஞ்ச். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவராமல் யாழ்ப்பாணத்திலேயே ஒரு நம்பிக்கையான வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டால் மூன்றாவது பிரதியும் ஆயிற்று. எந்த வயரிலும் கட்டாத பிரதி. 2023இல் கொழும்பில் இல்லாமல் போனது அதுதான்.

காசு விசயத்தைப் பேசாமல் விட முடியாது. கிளவுட் மெஷின் வாடகைக்கு. கட்டுகிற தம்பியின் கார்ட் காலாவதியானால், அவருக்கு வேலை போனால், அல்லது (அல்லாஹ் பாதுகாக்கட்டும்) அவருக்கு ஒன்று நடந்தால், சில எச்சரிக்கை மின்னஞ்சல்களுக்குப் பிறகு மெஷினோடு டிஸ்க்கும் அழிக்கப்படும். அந்த மின்னஞ்சல் அவருக்குத்தான் போகும், எங்களுக்கு வராது. ஆகவே கணக்கு தனியொருவர் பெயரில் வேண்டாம். சாவியும் கடவுச்சொல்லும் ஊரில் இருவரிடமும் வெளியில் ஒருவரிடமும் இருக்கட்டும், ஊரில் ஒன்று மூடிய உறையில் அதிபரின் இரும்பு அலுமாரிக்குள். அதிபர் மாற்றலாகிப் போகும்போது அதையும் கையளிப்புப் பட்டியலில் எழுத வேண்டும்.

இன்னொன்று. சேர்விடாப்பில் பிள்ளைகளின் பிறந்த திகதி, தாய் தகப்பன் விபரம், சமயம் எல்லாம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில், லிங்க் கிடைத்த எவரும் பார்க்கிறமாதிரி அதைப் போட முடியாது. மறைகுறியாக்கம் செய்து ஏற்றுங்கள். ஊர் மலர், விளையாட்டுப்போட்டிப் படம் போன்றவை வேறு. அவற்றை 2005 முதல் இயங்குகிற நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுத்தால் உலகமே வாசிக்கும்.

கொப்பிகள் அலுமாரியில்தான் இருக்கும். கரையானுக்கு மருந்தடிக்கிற செலவையும் அந்த மாதக் கட்டணத்தோடு சேர்த்துக் கேட்கிறோம், வெளிநாட்டு உறவுகள் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறோம்.

வேலையைத் தொடங்க முன் ஒரு விபரம் தேவை. உங்கள் பாடசாலையின் சேர்விடாப்பு எந்த ஆண்டிலிருந்து கைவசம் இருக்கிறது, எத்தனை கொப்பி, எந்த நிலையில் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் தெரிகிறமாதிரிப் படம் எடுத்துப் போட வேண்டாம்.