குறட்டைக்கும் குலவரலாறு உண்டு

இலத்தீனில் குறட்டை விடுதலைச் சுட்டும் வினை 'ஸ்டெர்டெரே'. அதன் மூலம் யாதெனக் கேட்டால், 'ஒலிக்குறிப்புச் சொல், அவ்வளவே' என்று கதவடைத்துவிடுவோர் பலர். இது விளக்கமன்று, விளக்கும் பொறுப்பைக் கைகழுவுதல்.

மூக்கொலியைப் போலச் செய்தது மட்டுமே காரணமாயின், அதே ஒலியைக் கேட்ட கிரேக்கர் 'ரெங்கெயின்' என்று வேறொரு சொல்லை ஏன் வழங்கினர்? ஏதென்ஸின் மூக்கு வேறு, உரோமின் மூக்கு வேறா? ஒலி தூண்டியிருக்கலாம், சொல்லை வடித்தது மொழிமரபு. தும்முதலைக் குறிக்கும் இலத்தீன் வினை 'ஸ்டெர்நுவெரே'. 'ஸ்டெர்' என்னும் பகுதி இரண்டிற்கும் பொது. தும்மற்சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'ப்டார்நுமாய்' என்ற உறவும் உண்டு. குறட்டைச் சொல்லையும் அந்த வேரோடு இணைக்கும் அறிஞர் உளர். அவர்கள் கருத்து மறுக்கத்தக்கதாயின் மறுக்கலாம், எண்ணிப்பாராமல் தள்ளலாகாது.

எதிர்முனையில் நிற்போர் இன்னும் துணிச்சல்காரர். ஓசை சற்றே ஒத்தால் போதும், எந்தச் சொல்லையும் தமிழுக்கோ வடமொழிக்கோ மகவாக்கிவிடுவர். ஒலிமாற்றம் பிற சொற்களிலும் ஒழுங்காக நிகழ்ந்ததெனக் காட்டாத ஒப்புமை ஆய்வாகாது. தமிழுக்கு அத்தகைய இரவல் பெருமை தேவையுமில்லை.

பொருள் நிலையிலும் இதே சோம்பல். 'குறட்டை விடு' என்று எழுதிவிட்டு அகராதிச் சுருக்கங்கள் அகன்றுவிடுகின்றன. உரோமரோ இவ்வினையை வசையாகவே வளர்த்தெடுத்தனர். சாவுக்கு அஞ்சி வாழ்வை வீணாக்குபவனை, விழித்திருந்தும் குறட்டை விடுபவன் என இடித்துரைக்கிறார் லுக்ரீஷியஸ். யுவெனாலின் முதல் அங்கதப் பாடலில் மனைவியின் கள்ளத்தொடர்புக்கு உடந்தையான கணவன் பொய்க்குறட்டை விடுகிறான். தம்மை ஹோமரின் மறுபிறப்பாகக் கனவுகண்ட என்னியஸை எள்ளவந்த பெர்சியஸ், 'டே' என்னும் முன்னொட்டைச் சேர்த்து, குறட்டை விட்டு முடித்துத் தெளிதல் என்ற பொருளையே அதிலிருந்து பெற்றுவிட்டார். வெறும் மூக்கொலிக்கு இவ்வளவு வேலை கிடையாது.

இச்சொல்லின் முடிவும் ஒலிக்குறிப்பு வாதத்துக்கு உதவவில்லை. ஸ்பானிய மொழி குறட்டைக்கு வழங்கும் 'ரொங்கார்', கிரேக்கத்திலிருந்து இலத்தீன் கடன்வாங்கிய சொல்லின் வழிவந்தது. பழைய 'ஸ்டெர்டெரே' மக்கள் வழக்கில் தேய்ந்து, நினைவிழந்த நோயாளியின் கரகரத்த மூச்சைக் குறிக்கும் 'ஸ்டெர்டர்' என்ற மருத்துவச் சொல்லாக எஞ்சியிருக்கிறது. அதற்குள் மனிதரின் மூக்கு மாறிவிடவில்லை.