கோடிக்கரை மானும் சீமை முள்ளும்

தஞ்சைச் சீமை என்றால் வயல் மட்டுமல்ல, காடும் உண்டு. வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது கோடிக்கரை. 1967-ல் சர்க்கார் இதைச் சரணாலயமாக்கியது, முக்கியமாக வெளிமான்களுக்காக. விடியற்காலையில் நடந்து போனால் புல்வெளியில் கூட்டமாக மேய்வதைக் காணலாம். முறுக்கிய கொம்பும் கருத்த முதுகும் வெள்ளை வயிறுமாக ஆண் மான் நிற்கும் அழகே அழகு! தை மாதத்தில் போனால் உப்பங்கழியில் பூநாரைகளும் உண்டு.

ஆனால் அந்தப் புல்வெளியைச் சீமைக் கருவேலம் விழுங்கி வருகிறது. அமெரிக்கக் கண்டத்து மரம் இது. விறகுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதைப் பரப்புவதில் மானுக்கும் பங்குண்டு. கோடையில் புல் காய்ந்ததும் பசிக்கு அதன் நெற்றைத் தின்கிறது. விதை ஜீரணமாவதில்லை, புழுக்கையோடு விழுந்து மழையில் முளைக்கிறது. முளைத்த இடத்தில் புல் போய்விடுகிறது. வெளிமானோ திறந்த வெளியில் ஓடிப் பிழைக்கும் பிராணி. புதர் அதற்கு வீடாகாது.

2018-ல் கஜா புயல் இந்தப் பகுதி மரங்களைச் சாய்த்தபோது நாடே பதறியது. ஓசையின்றிப் புல் அழிவதற்குப் பதறுவார் யார்?

வெட்டினால் மட்டும் போதாது. தூர் மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டுக் கூலி ஒதுக்கும்போதே, அடுத்தடுத்த வருஷங்களில் கன்று பிடுங்கும் கூலியையும் ஒதுக்க வேண்டும். காய்க்கிற மரங்களை முதலில், நெற்று உதிருமுன் எடுப்பது உத்தமம்.