கோடரியும் கைந்நாட்டும்

மட்டக்குளியில் எமது கூட்டம் முடிந்த ஓரிரவு, என் கையிலிருந்த தடித்த நூலைக் கண்டு இளைஞர் ஒருவர் நகைத்தார். "ஐயா, இனத்தின் துயர் இவ்வளவு கிடக்க, நீங்கள் கொலைக் கதை படிக்கலாமோ?" என்றார். படிக்கலாம், படிக்கவும் வேண்டும். காரணம் கூறுகின்றேன்.

அந்நூல் ருஷ்ய நாட்டுத் தஸ்தயேவ்ஸ்கி 1866 இல் வெளியிட்ட 'குற்றமும் தண்டனையும்'. எம். ஏ. சுசீலா ஆங்கில வழியாகத் தமிழில் தந்தது 2007 இல் வெளிவந்தது. சட்டக் கல்வியை இடையில் விட்ட மாணவன் ரஸ்கோல்னிகோவ், அடகு பிடிக்கும் மூதாட்டியைக் கோடரியால் கொல்கின்றான். எதிர்பாராது வந்த அவள் தங்கையையும் வெட்டிச் சாய்க்கின்றான். குருதி தோய்ந்த பக்கங்கள் அவை! ஆயினும் சட்டத்தரணியாகிய என் உறக்கத்தைக் கெடுத்தது குருதியன்று. ஒரு பொய் வாக்குமூலம்.

வர்ணம் பூசும் ஏழைத் தொழிலாளி ஒருவன், "நானே கொன்றேன்" என்று மண்டியிடுகின்றான். விசாரணை அதிகாரி போர்ஃபிரி கைந்நாட்டு வாங்கி வழக்கை மூடினாரா? இல்லை. அச்சொற்கள் உண்மையோடு பொருந்தாமையைக் கண்டார். மெய்க் கொலைஞன் தானே வந்து உரைக்கும் வரை பொறுத்திருந்தார். அவன் உரைத்த இடத்திலே, கல்லின் அடியில், களவுப் பொருளும் கிடைத்தது. இரு கொலைக்கும் எட்டாண்டுச் சைபீரியத் தண்டனை. இது கதை. இனி நம் நாட்டுக்கு வருவோம்.

பொலிசாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்கின்றது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 25 ஆம் பிரிவு. பொலிஸ் அறைக்குள் நடப்பதை வெள்ளையனும் அறிந்திருந்தான்! 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு அவ்வேலியைப் பிடுங்கி எறிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் சொன்னதாகச் சொல்லப்படுவதே சான்றாயிற்று. அது தானே விரும்பிச் சொன்னதன்று என மெய்ப்பிக்கும் சுமையும் கைதியின் தலையில் ஏற்றப்பட்டது.

விளைவு என்ன? சிங்கராசா வழக்கைப் பாருங்கள். 1993 இல் மட்டக்களப்பில் கைதான தமிழர் அவர். அவரது வாக்குமூலமெனப்பட்டது சிங்களத்தில் எழுதப்பட்டது. மொழிபெயர்த்தவரும் தட்டச்சிட்டவரும் ஒரே பொலிஸ் கொன்ஸ்டபிள்! தமக்கு விளங்காத தாளில் அவர் பெருவிரல் பதிந்தது. அத்தாளையே ஆதாரமாக்கி 1995 இல் ஐம்பதாண்டுச் சிறை, மேன்முறையீட்டில் முப்பத்தைந்தாயிற்று. நேரிய விசாரணை மறுக்கப்பட்டதென 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு கண்டது. 2006 இல் நம் உயர் நீதிமன்றோ மீளாய்வு மனுவைத் தள்ளியது.

பெருமக்களே, இரு மொழிபெயர்ப்புகளையும் எண்ணிப் பாருங்கள். ருஷ்யக் கொலைஞனின் நெஞ்சம் இரு மொழிகளைக் கடந்து தமிழில் நம்மை அடைந்தது. ஐயமுற்றால் மூல நூலைப் புரட்டலாம். கொன்ஸ்டபிள் மொழிபெயர்த்ததற்கு மூலம் எங்கே? பூட்டிய அறையின் காற்றிலே கலந்து போயிற்று!

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, மொழி உரிமையை உத்தியோகத்தரின் கவலையென எள்ளியோர் உண்டு. 1987 இல் தமிழும் அரச கரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எழுதி ஆறாண்டுகளின் பின்னரே அக்கைந்நாட்டு வாங்கப்பட்டது. மொழி உரிமை பெயர்ப்பலகைக்கு மட்டுமா? ஏழை உழவனின் கழுத்துக்கும் அதுவே காவல்.

2022 இல் வந்த திருத்தமும் 16 ஆம் பிரிவைத் தொடவில்லை. ஆகவே நமது கோரிக்கை தெளிவானது: வாக்குமூலம் நீதவான் முன் மட்டுமே பெறப்படுக, சொன்னவன் மொழியிலேயே எழுதப்படுக, அவனுக்கு வாசித்துக் காட்டப்படுக. அதுவரை, வாசிக்க இயலாத தாளில் எவரும் விரல் பதிக்கற்க! கோடரி வெட்டியது இருவரை. கைந்நாட்டு வெட்டியோரை எண்ணி முடித்தவர் யார்?