குழாய்க்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

"ஏரி, குளம், காடெல்லாம் பேசுவதற்கு நல்லா இருக்கும். ஊர் தாகத்தைத் தீர்ப்பது போர்வெல்லும் குழாயும்தான்." செஞ்சியில் இருபது வருடமாக இந்தப் பேச்சைக் கேட்கிறேன். கோடை வந்தால் யாராவது மைக்கைப் பிடித்து இதைச் சொல்வார்கள், கூட்டமும் கை தட்டும். போன வாரமும் கேட்டேன். பொறுத்தது போதும்.

போர்வெல்லை நம்பச் சொல்கிறார்கள். நாம் குடியிருப்பது பாறை மேல். மேல்மண்ணுக்குக் கீழே உளுத்த பாறையிலும் விரிசலிலும் தங்குவதுதான் நம் நிலத்தடி நீர். என் கொல்லையில் இரண்டாவது போர்வெல் எழுநூறு அடி போனது. வெள்ளைத் தூள் பறந்ததே தவிர ஈரம் வரவில்லை. ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் கிணறோ சித்திரையிலும் ஊறுகிறது. இதற்கு என்ன பதில்?

அடுத்தது குழாய். செஞ்சிக்காரனிடம் குழாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் செஞ்சிக் கோட்டைக்குள் போய்வர வேண்டும். கல்யாண மகாலின் மேல்மாடி வரை மண்குழாயில் தண்ணீர் ஏற்றிய ஊர் இது. குழாயை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அன்று அந்தக் குழாயின் மறுமுனையில் நிரம்பிய நீர்த்தேக்கம் இருந்தது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. மலைமேல் சுனையும் மழைநீர்த் தேக்கமும் இல்லாமல் உள்ளே இருந்தவர்கள் அத்தனை வருடம் தாங்கியிருக்க முடியுமா? பெருமழை விட்டதும் கோட்டைக்குள் இருக்கும் செட்டிகுளத்துப் படியில் நின்று பாருங்கள். ராஜகிரி மலையின் பாறை இடுக்கெல்லாம் வெள்ளைக் கோடுகளாகத் தண்ணீர் இறங்கும். மொட்டைப் பாறை ஒரு சொட்டையும் வைத்துக்கொள்ளாது. புதரும் மரமும் அந்த ஓட்டத்தை மெதுவாக்குகின்றன, குளம் நிறுத்துகிறது, நின்ற நீர் விரிசலில் இறங்குகிறது. பாறையின் குணம் தெரிந்தவர்கள் குளம் வெட்டினார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பட்டாசு வெடித்துக் கொண்டாடினோம். அதன் குளங்களிடம் ஒரு பாடமும் கற்கவில்லை.

ஜனத்தொகை பெருகிவிட்டதாம், குளம் போதாதாம். வாய் பெருகினால் பானையையா உடைப்பார்கள்?

"ஏரி இருந்தும் காய்கிறதே" என்பது இன்னொரு கேள்வி. வரத்துக்காலில் மனை போட்டுவிட்டு, மிச்சத்தைச் சீமைக் கருவேலத்துக்குக் கொடுத்துவிட்டு ஏரியைக் குறை சொல்வது அநியாயம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலில், பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சங்கராபரணி கரைபுரண்டது. அடுத்த கோடையில் எங்கள் தெருவில் மறுபடியும் குட வரிசை. வானம் கொடுத்தது, வாங்கி வைக்கத்தான் நமக்கு இடமில்லை.

ஏரியையும் காட்டையும் காப்பது ஏழை ஊரின் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: நியூயார்க் நகரம் 1997-இல் பெரும் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதைத் தவிர்த்து, தண்ணீர் வரும் கேட்ஸ்கில் மலைக்காட்டையும் ஓடைகளையும் காக்க ஒப்பந்தம் போட்டது.

ஐப்பசி மழைக்கு முன் உங்கள் ஊர் ஏரியின் வரத்துக்காலை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று எழுதி, அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று கேளுங்கள்.