கடைசி எழுத்து

வேப்பம்பட்டு நேயர் ஒருவர் கேட்கிறார்: “தங்கையின் விவாக வீடியோவை வீட்டிலேயே வெட்டித் தொகுக்க ஆசை. கையிருப்போ சொற்பம். எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?”

ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனால், வர்ண விளக்குகள் மின்னும் பெட்டியைத்தான் முதலில் காட்டுவார்கள். விளக்கு கல்யாணப் பந்தலுக்கு அழகு. படம் வெட்ட உதவாது. பிராஸஸரின் பெயரைப் படியுங்கள். (சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த ‘சக்தி’ நம் மேஜைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆகையால் அந்நியப் பெயரைத்தான் படித்தாக வேண்டும்.) இன்டெல் கோர் வரிசையில் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால், உள்ளே கிராபிக்ஸ் வசதி கிடையாது. விலை சற்றுக் குறைவுதான். ஆனால் திரையில் படம் தெரியவே தனிக் கார்டு வாங்க நேரும். ‘எஃப்’ இல்லாததிலோ ‘குவிக் ஸிங்க்’ என்ற ஏற்பாடு உண்டு. செல்போன் வீடியோவைச் சுருக்குவதும் விரிப்பதுமான பெரும் பளுவை அதுவே சுமக்கும். கார்டில் மிச்சமாகும் பணத்தை 16 ஜி.பி. ராமிலும் எஸ்.எஸ்.டி.யிலும் போடுங்கள். 8 ஜி.பி. போதுமென்று நாமும் ஒரு காலத்தில் நம்பியதுண்டு! தொகுக்கும் மென்பொருளுக்குக் காலணா வேண்டாம், ‘கேடன்லைவ்’ இலவசம்.

பில்லில் பிராஸஸரின் முழுப் பெயரையும், கடைசி எழுத்து உட்பட, எழுதச் சொல்லி வாங்குங்கள்.